கல்யாண ரிசப்ஷனில் கூட்டுக்காரர்களின் வெரைட்டி ஷோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்து ரிசப்ஷன்களில் மாப்பிள்ளையோடோ பொண்ணோடோ கூடப் படித்தவர்களும் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து மேடையேற்றும் டான்ஸ், மிமிக்ரி, வில்லுப்பாட்டு, குவிஸ் எல்லாம் கலந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள். காசு கொடுத்து ட்ரூப் பிடிப்பவர்களுக்கு இது தேவைப்படாது.

மொத்தம் எவ்வளவு நேரம் நடத்தலாம்?

சாயங்கால ரிசப்ஷன் என்றால் 20 நிமிடம். 25-ஐத் தாண்டவே கூடாது. ஐந்து ஐட்டம், ஒவ்வொன்றும் மூன்றிலிருந்து நான்கு நிமிடம். பாட்டு எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குமேல் ஓடவிடாதீர்கள். ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், பார்க்கிறவர்களுக்கு ஒரே ஸ்டெப் திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும். 'ஒரு மணி நேரம் புரோகிராம் போட்டுருக்கோம்' என்று யாராவது சொன்னால், அவர்கள் இன்னும் மண்டபத்துக்காரரிடமும் சமையல்காரரிடமும் பேசவில்லை என்று அர்த்தம்.

எந்த நேரத்தில் வைப்பது?

இது கல்யாணத்தின் வகையைப் பொறுத்தது. காலையில் முகூர்த்தம் முடிந்து சாயங்காலம் தனியாக ரிசப்ஷன் என்றால் 7 மணியிலிருந்து 7.30-க்குள் வையுங்கள். அதற்கு முன் ஹால் நிறையாது. எட்டரைக்குமேல் குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கம் போகவேண்டியவர்கள் பஸ் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள்.

கிறிஸ்தவக் கல்யாணமானால் கதை வேறு. பத்து, பத்தரைக்கு ஆலயத்தில் திருமணம் முடிந்து நேராக ஹாலுக்கு வருவார்கள். ஜெபம், வாழ்த்துரைகள், கேக், ஏற்புரை எல்லாம் முடியும்போது மணி பன்னிரண்டரை. காலையில் ஒரு இட்லியோடு கிளம்பி வந்த கூட்டம் அது. அவியலும் எரிசேரியும் மணக்கிற நேரத்தில் எந்த ஜோக்கும் எடுபடாது. அங்கே உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதுவும் வாழ்த்துரைகளுக்கு நடுவில். ஒரு டான்ஸ், ஒரு பேச்சு ஐட்டம், அவ்வளவுதான். ஹால் சபைக்குச் சொந்தமானதா என்று முதலிலேயே கேளுங்கள். சில இடங்களில் சினிமாப் பாட்டுக்கு அனுமதி கிடையாது. அதை மேடையில் ஏறின பிறகு தெரிந்துகொள்வது நல்லதல்ல.

எந்த வகையானாலும் பந்தி பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். ஷோ நடுவில் 'பந்திக்கு எழும்பலாம்' என்று அறிவித்தால் பாதி நாற்காலி காலியாகிவிடும். சாயங்கால ரிசப்ஷனில் முதல் பந்தி உட்கார்ந்து, இரண்டாவது பந்திக்காரர்கள் ஹாலில் காத்திருக்கும் இடைவெளிதான் சரியான இடம். போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள்தான் உங்கள் ரசிகர்கள்.

மேடையில் சோபாவும் பூ அலங்காரமும் இடத்தை அடைத்துவிடுகிறதே?

அடைக்கத்தான் செய்யும். சோபாவுக்கு முன்னால் ஆறடியிலிருந்து எட்டடி மிஞ்சினால் பெரிது. ஆறு பேர் இரண்டு வரிசையாக ஆட, குறைந்தது 16 அடி அகலமும் 8 அடி ஆழமும் வேண்டும். முந்தின நாளே டேப் வைத்து அளந்து, அதே அளவை ரிகர்சல் நடக்கும் தரையில் சாக்பீஸால் வரைந்து ஆடிப் பழகுங்கள்.

சோபாவை நகர்த்தச் சொன்னால் டெக்கரேஷன்காரர் சம்மதிக்கமாட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பின்னால் ஃபோமும் பூவும் கம்பியில் கட்டியிருக்கும். அதற்குப் பதில், ஷோ நடக்கும் 20 நிமிடத்துக்கு மாப்பிள்ளையையும் பொண்ணையும் கீழே முதல் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இல்லையென்றால் அவர்கள் முழு நேரமும் உங்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு லாபம்: போட்டோவுக்கும் கவர் கொடுக்கவும் மேடையேறும் கியூ தானாக நிற்கும். இந்த இடைவெளியை போட்டோகிராபரிடமும் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும்.

சிந்திக் கிடக்கும் பூவிதழைக் கூட்டிவிட்டு ஆடுங்கள். கார்ப்பெட்டின்மேல் நசுங்கிய ரோஜா இதழ் வழுக்கும். கார்ப்பெட் விளிம்பையும் ஒயரையும் அகலமான டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள்.

ஐட்டங்களை எந்த வரிசையில் வைப்பது?

சத்தமான குரூப் டான்ஸ் முதலில். பேசிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் வழி. இரண்டாவது சின்ன மிமிக்ரியோ செய்தி வாசிப்போ. மூன்றாவது வில்லுப்பாட்டு. நான்காவது ஜோடிக்கு குவிஸ். கடைசியில் ஜோடியையும் இழுத்துக்கொண்டு எல்லோரும் ஆடுவது. ஒரே ஆள் இரண்டு டான்ஸில் இருந்தால் நடுவில் குறைந்தது ஒரு ஐட்டமாவது வேண்டும், சட்டை மாற்றவாவது.

கம்பியரிங் செய்கிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். ஏதாவது ஐட்டம் படுத்துவிட்டால் நடுவில் வெட்ட ஒரு கை ஜாடை முன்கூட்டியே பேசி வையுங்கள். எதை வெட்டினாலும் கடைசி ஐட்டத்தை வெட்டாதீர்கள்.

வில்லுப்பாட்டு இந்தக் காலத்துக் கூட்டத்துக்கு எடுபடுமா?

நம்ம மாவட்டத்தில் இதைவிட நன்றாக எடுபடுகிற ஐட்டம் கிடையாது. சினிமாப் பாட்டுக்கு ஆடுவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். இங்கே கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, போன எல்லோருக்கும் வில்லடிச் சத்தம் காதில் இருக்கிறது, தாத்தா முதல் பேரன் வரை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டை நகைச்சுவைக்கும் சமூகக் கருத்துக்கும் எடுத்துக்கொண்டு காட்டியவர். கல்யாண மேடைக்கும் அதே வழிதான்.

ஐந்து பேர் போதும். நடுவில் வில்லடித்துப் பாடுகிறவர், அவருக்குக் குறுக்குக் கேள்வி போடுகிறவர் ஒருவர், குடம் ஒருவர், உடுக்கை ஒருவர், தாளம் ஒருவர். பாடுகிறவர் ஒரு அடி முடிக்கும்போது மற்றவர்கள் 'ஆமா' போடவேண்டும். அந்த 'ஆமா'தான் இதன் உயிர். கூட்டம் சிரிக்க ஒரு நொடி கிடைக்கும், பாடுகிறவருக்கு அடுத்த வரி ஞாபகம் வர ஒரு நொடி கிடைக்கும்.

கதை நான்கு துண்டு: வாழ்த்து, பிறந்த ஊரும் பள்ளிக்கூடமும், வேலைக்குப் போன கதை, பொண்ணு பார்த்த கதை. கடைசியில் மங்களம். மொத்தம் நான்கு நிமிடம். இப்படி எழுதலாம்:

மலையோரம் குலசேகரம் – ஆமா
மழை கொட்டும் ஊரிலே,
ரப்பர் பாலு எடுக்கும் நேரம் – ஆமா
நம்ம ஆளு தூங்கையிலே,
இருட்டோட வெட்டப் போனவரு – ஆமா
முடிச்சு வீடு வந்த பின்னும்
போர்வைக்குள்ள இருந்து கேட்டான் – ஆமா
பொழுது விடிஞ்சிட்டாம்மா?

உடனே குறுக்கே ஒருவர்: 'எண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க, கொஞ்சம் கொறச்சுச் சொல்லப்பிடாதா?' அதற்கு: 'கொறச்சுத்தாம்ல மக்கா சொல்லுகேன்!'

இது ஏன் எடுபடுகிறது என்று பாருங்கள். தூக்கத்தைப் பற்றிய கிண்டல், அதை அவன் அம்மாவே தினமும் சொல்லியிருப்பார். ஊரும் ரப்பர் வெட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. பொண்ணு வீட்டாருக்கும் மாப்பிள்ளை மேல் மதிப்புக் குறையவில்லை. எல்லையோரக் கல்யாணத்தில் திருவனந்தபுரத்துச் சொந்தக்காரர்கள் நிறைய இருந்தால், குறுக்குக் கேள்வி போடுகிறவர் மட்டும் மலையாளத்தில் கேட்கட்டும். பதில் தமிழில் வரட்டும். இரண்டு பக்கமும் சிரிக்கும்.

வில்லுக்கு எங்கே போவது? கோவிலில் கேட்கலாமா?

கேட்காதீர்கள். கொடைக்குப் பயன்படுத்தும் வில் விளையாட்டுச் சாமான் இல்லை. வில்லுப்பாட்டுக் கலைஞர் யாராவது தெரிந்தவராக இருந்தால், அவரையே அழைத்து நடுவில் உட்கார வைத்து நீங்கள் 'ஆமா' போடலாம். அது எல்லாவற்றையும்விட நல்லது. இல்லையென்றால் மேடைக்கு ஒரு போலி வில் போதும். ஆறேழு அடி மூங்கிலை வளைத்து நைலான் கயிறு கட்டி, வளைவில் சலங்கை மணி பதினைந்து இருபது கோத்துவிடுங்கள். அடிக்க முழ நீளத்தில் இரண்டு கம்பு. மூங்கில் பச்சையாக இருக்கும்போதே வளைக்கவேண்டும். காய்ந்ததை வளைத்தால் கயிறு இறுகும்போது வெடிக்கும்.

குடத்தை வைக்கோல் பிரிமணைமேல் வைத்து, வில்லின் முதுகு குடத்தின் கழுத்தில் படும்படி கயிற்றால் கட்டுங்கள். குடத்தின் வாயைக் கமுகம் பாளையில் வெட்டிய மட்டையால் அடித்தால் 'பும்' என்று வரும். பிளாஸ்டிக் குடத்தில் அந்த ஓசை வராது, மண்குடம் வேண்டும், இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் வரும் வழியில் ஒன்று கீறும். குடத்துக்கு முன் ஒரு சின்ன ஸ்டாண்டில் மைக் வைக்காவிட்டால் இவ்வளவும் வீண், மூன்றாவது வரிசைக்குமேல் கேட்காது.

சுடலைமாடன், முத்தாரம்மன் கதைப் பாட்டு மெட்டில் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணாதீர்கள். ஹாலில் யாராவது எழுந்து போவார்கள்.

எதைக் கிண்டல் பண்ணலாம், எதைத் தொடக் கூடாது?

தொடக் கூடாதவை: பழைய காதல், சம்பளம், நகை, வரதட்சணை, நிறம், உடம்பு, முடி, சாதி, மதம், குடி, அரியர் பேப்பர் எண்ணிக்கை. பொண்ணின் சமையலும் வேண்டாம், அது சலித்துப்போன ஜோக், அதோடு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

தொடலாம்: தூக்கம், பைக் ஓட்டும் லட்சணம், போன் எடுக்காத பழக்கம், மீன் இல்லாமல் சோறு இறங்காதது, கிரிக்கெட்டில் அவுட் ஒத்துக்கொள்ளாதது.

இதைவிட முக்கியமாகத் தவிர்க்கவேண்டியது, நாலு பேருக்கு மட்டும் புரிகிற ஹாஸ்டல் ஜோக். மேடையில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள், கீழே நானூறு பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஜோக்கையும் பொண்ணு வீட்டுச் சித்தப்பாவுக்குப் புரியுமா என்று கேட்டுப் பாருங்கள். புரியாவிட்டால் அதைக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, காய்கறி வெட்டும் இடத்தில் சொல்லித் தீர்த்துவிடுங்கள். அங்கே தேங்காய் திருவிக்கொண்டு இருப்பவர்கள் எல்லாம் நம்ம ஆட்கள்தான்.

ஸ்கிரிப்ட் முழுவதையும் பொண்ணு பக்கத்திலிருந்து ஒருவர், அக்காவோ மதினியோ, படித்துப் பார்க்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். வாதாடாதீர்கள்.

நாடகம் போட்டால் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை. ஏன்?

ஆறு பேர் நடிக்கிறீர்கள், இரண்டு மைக் இருக்கிறது. வசனம் பேசும்போது மைக் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் நேரத்தில் ஜோக் போய்விடும். இதற்கு ஒரே நல்ல வழி: இரண்டு பேர் ஓரமாக நின்று மைக்கில் எல்லோருக்கும் குரல் கொடுக்கட்டும், மற்றவர்கள் வாய் அசைத்து நடிக்கட்டும். குரல் கொஞ்சம் பொருந்தாமல் போனால் அதுவே சிரிப்பு. வசனத்தை முன்கூட்டி ரெக்கார்ட் செய்து ஓடவிடுவதும் நடக்கும், ஆனால் கூட்டம் சிரிக்கும்போது ரெக்கார்டிங் நிற்காது, அடுத்த வசனம் அந்தச் சிரிப்பில் முங்கிவிடும்.

மைக் 'கீ…' என்று ஊளையிடுகிறதே?

ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போவதால். பாக்ஸுக்கு முன்னால் நிற்காதீர்கள், பாக்ஸ் எப்போதும் உங்களுக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து இருக்கவேண்டும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள், ராப் பாடுகிறவர்களைப் பார்த்துப் பழகின பழக்கம் அது. தண்டைப் பிடித்து, வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்துப் பேசினால் ஆபரேட்டர் வால்யூமைக் கூட்டவே வேண்டாம். தள்ளிப் பிடித்தால் அவர் கூட்டுவார், அப்புறம் ஊளைதான்.

கார்ட்லெஸ் மைக்குக்குப் புது டபுள்-ஏ பேட்டரி நாலு கையோடு கொண்டுபோங்கள். மதியம் முதல் நாதஸ்வரம், வாழ்த்துரை என்று ஓடிய பேட்டரி உங்கள் முறை வரும்போதுதான் தீரும். ஒயர் மைக் ஒன்றும் மேடையில் தயாராக இருக்கட்டும்.

பாட்டை எப்படிக் கொடுப்பது? போனிலிருந்து ப்ளூடூத்தில் போடலாமா?

வேண்டாம். யாராவது கூப்பிட்டால் ரிங்டோன் ஹால் முழுக்கக் கேட்கும். போன்காரர் பாத்ரூம் பக்கம் போனால் பாட்டு அறுந்து அறுந்து வரும்.

எல்லாப் பாட்டையும் வெட்டி ஒட்டி, ஒரு டான்ஸுக்கு ஒரு எம்பி3 ஃபைலாக ஆக்குங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மூன்று நொடி மௌனம், ஆட்கள் இடத்தில் நிற்க. ஃபைல் பெயர் 01, 02 என்று எண்ணில் ஆரம்பிக்கட்டும். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, அதில் இந்த ஃபைல்களைத் தவிர வேறு எதுவும் வைக்காதீர்கள். மிக்சரில் இருக்கும் பிளேயர் பெயரைப் பாதிதான் காட்டும், கல்லூரி நோட்ஸுக்கும் பழைய படத்துக்கும் நடுவில் ஆபரேட்டர் தேடிக்கொண்டு நிற்பார். இரண்டாவது பென்டிரைவ் இன்னொருவர் பாக்கெட்டில். மூன்றாவது காவலாக ஃப்ளைட் மோடில் ஒரு போனும் அதற்கான ஒயரும். புது போன்களில் ஹெட்போன் ஓட்டையே கிடையாது, டைப்-சி கனெக்டரை மறக்காதீர்கள்.

வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்த பாட்டுகள் ஒன்று மெதுவாகவும் ஒன்று அலறியும் ஒலிக்கும். ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஆபரேட்டர் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் கையில் வரிசைத் தாளோடு நிற்கவேண்டும். மேடையிலிருந்து 'அண்ணே, ரெண்டாவது பாட்டு, இல்ல இல்ல அது இல்ல' என்று கத்துவதுதான் இந்த நிகழ்ச்சிகளில் அதிகம் கேட்கும் வசனம்.

எல்இடி வாலில் (பெரிய திரைச் சுவரில்) போட்டோவும் வாழ்த்து வீடியோவும் போடும்போது என்ன கவனிக்கவேண்டும்?

வால் சோபாவுக்குப் பின்னால் இருக்கும், அதனால் அதன் கீழ் மூன்றிலொரு பங்கு தலைகளில் மறைந்துவிடும். எழுத்தை மேல் பாதியில் போடுங்கள். பழைய போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் 12 அடி வாலில் மங்கிப்போகும்.

துபாயிலும் குவைத்திலும் பட்டாளத்திலும் இருக்கும் கூட்டுக்காரர்கள் அனுப்பும் வாழ்த்துக்கு மூன்று விதி: போனைக் கிடைமட்டமாகப் பிடிக்கவேண்டும், 15 நொடிக்குள் முடிக்கவேண்டும், ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டுப் பேசவேண்டும். ஐந்து பேருக்குமேல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே எம்பி4 ஆக, 1080-இல், எச்.264-இல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோன் வீடியோவை அப்படியே கொடுத்தால் சில லேப்டாப்பில் சத்தம் மட்டும் வரும், படம் வராது. லேப்டாப்பில் ஸ்லீப்பை நிறுத்தி, நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் குரூப் மெசேஜ் எல்லாம் மண்டபத்துக்கே தெரியும்.

நடுவில் கரண்ட் போனால்?

ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள்தான். ஆனால் டிஜிட்டல் மிக்சர் திரும்ப ஆன் ஆகவும், புரொஜெக்டர் விளக்கு சூடாகவும் மேலும் ஓரிரு நிமிடம் பிடிக்கும். மிக்சரை யுபிஎஸ்ஸில் போடச் சொல்லுங்கள். அதுவரை மைக் இல்லாமலே ஒப்பேற்ற ஒரு பாட்டு, கைதட்டிப் பாடுகிற மாதிரி, எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வீட்டு முற்றத்தில் தகரப் பந்தலுக்கடியில் ரிசப்ஷன் என்றால், கனமழையில் எந்த மைக்கும் கேட்காது. அந்த மாதங்களில் பேச்சு ஐட்டத்தைக் குறைத்து டான்ஸைக் கூட்டுங்கள்.

ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம், ரிகர்சல் எப்படி?

ஸ்டெப் தெரிந்தவர் முதுகைக் காட்டி ஆடி வீடியோ எடுத்து அனுப்பட்டும். முகத்தைக் காட்டி எடுத்தால் பார்க்கிறவர்கள் வலது இடது மாற்றிப் பழகிவிடுவார்கள், நேரில் சேரும்போது இடித்துக்கொள்வீர்கள். ஒரு டான்ஸுக்கு எட்டு ஸ்டெப்புக்குமேல் வேண்டாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது ஒருமுறை எல்லோரும் நேரில் சேர்ந்தாகவேண்டும். லீவு கிடைக்காமல் ஒருவர் வராமல் போவது உறுதி, அதனால் எந்த ஐட்டமும் ஒரே ஆளை நம்பி இருக்கக் கூடாது.

மண்டபத்தில் சவுண்ட் செக்குக்குக் கூட்டம் வருவதற்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

வேஷ்டியில் ஆடலாமா?

ஆடலாம். ஒட்டிக்கோ வேஷ்டி, அதற்குமேல் பெல்ட், உள்ளே அரைக்கால் சட்டை. மூன்றும் வேண்டும்.

ஸ்னோ ஸ்ப்ரே, பேப்பர் பாம்?

ஸ்னோ ஸ்ப்ரே டப்பாவில் உந்துவிசைக்கு அடைத்திருப்பது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன், அதாவது எரிகிற வாயு. பக்கத்தில் குத்துவிளக்கோ கேக் மெழுகுவர்த்தியோ இருந்தால் அடிக்கிற நுரையே தீப்பிடிக்கும். பொண்ணு நைலான் நெட் துணியில் நிற்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டவே வேண்டாம். பேப்பர் பாம் ஒன்றிரண்டு பரவாயில்லை, கூரையைப் பார்த்து மட்டும். கலர்ப் பேப்பர் ஈரத்தில் சாயம் விடும், பட்டுச்சேலைக்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

ஜோடி குவிஸில் என்ன கேட்பது?

முதுகோடு முதுகு உட்கார வைத்து, மாப்பிள்ளைச் செருப்பு ஒன்றும் பொண்ணு செருப்பு ஒன்றும் ஆளுக்குக் கையில் கொடுத்து 'யாரு முதல்ல சாரி சொல்லுவா?' என்று கேட்கும் விளையாட்டு நன்றாகப் போகும். ஏழு கேள்வி போதும். பேசி முடித்த கல்யாணமானால், அவர்கள் நேரில் சந்தித்தது இரண்டு மூன்று முறைதான் இருக்கும், 'முதல் டேட்டிங் எங்கே' என்று கேட்டு நெளிய வைக்காதீர்கள். புளிசேரியா ரசமா, கடலா மலையா, கோபம் வந்தால் பேசுவாரா பேசாமல் இருப்பாரா என்று கேளுங்கள். சிலர் செருப்பைக் கையில் எடுப்பதை விரும்பமாட்டார்கள். இரண்டு கலரில் அட்டை வெட்டி வைத்துக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

கொஞ்சம் 'போட்டுவிட்டு' மேடையேறினால் கூச்சம் போகும் என்கிறார்களே?

குடித்தவர் கைக்கு மைக் போகக் கூடாது. இதில் பேச ஒன்றுமில்லை.

ராத்திரி பத்து மணிக்குமேல் நடத்தலாமா?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள் சத்தம் உள்ளேயே நின்றால் விலக்கு உண்டு. வீட்டுப் பந்தல் திறந்த வெளிதான். பகலிலும் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், மைக் செட்காரரிடம் அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சினிமாப் பாட்டுப் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை வருமா? வீடியோவை யூடியூபில் போடலாமா?

கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களில் பாட்டு ஒலிபரப்புவதற்கு 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் அது நிகழ்ச்சிக்கு மட்டும்தான். வீடியோவை இணையத்தில் ஏற்றினால் யூடியூப் தானாகப் பாட்டைக் கண்டுபிடித்து, சத்தத்தை நிறுத்தலாம், வீடியோவையே முடக்கலாம். வில்லுப்பாட்டுப் பகுதிக்கு அந்தத் தொல்லை இல்லை, வரிகள் உங்களுடையவை. ஏற்றுவதற்குமுன் ஜோடியிடமும், நன்றாக முகம் தெரிகிற பொண்ணு வீட்டாரிடமும் கேட்டுவிடுங்கள். மதினி வேண்டாம் என்று வெட்டச் சொன்ன ஜோக் ஏதாவது மேடையில் தப்பித் தவறி வந்திருந்தால், ஏற்றுகிற வீடியோவிலாவது அதை வெட்டிவிடுங்கள்.